‘விட்டேற்றி’ எங்கிருந்து வந்த சொல்?

நண்பர்களே, ஒரு சொல் மூன்று நாள்களாக என்னை விடவில்லை. ‘அவன் எதிலும் விட்டேற்றியாக இருக்கிறான்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போக முடியாமல் நிற்கிறேன். பேச்சில் இதையே ‘விட்டேத்தி’ என்கிறோம். பொருள் தெரியும்: கூடவே இருந்தும் இல்லாதவனைப் போல, யாரோடும் மனம் ஒட்டாத தன்மை. பகை இல்லை, கோபமும் இல்லை. ‘பாராமுகம்’ என்றால் வேண்டுமென்றே முகத்தைத் திருப்புவது. ‘பற்றின்மை’ என்றாலோ துறவியின் உயரம் வந்துவிடுகிறது. விட்டேற்றிக்கு அந்த மரியாதை கிடையாது. கொஞ்சம் திட்டும் கலந்திருக்கிறது.

பிறப்புதான் சிக்கல். ‘விட்டு’ சரி, விடுதலிலிருந்து வந்திருக்கும். ‘ஏற்றி’ எதை ஏற்றியது? எறியும் வேலுக்கு ‘விட்டேறு’ என்று பழைய பெயர் உண்டு. கையை விட்டுப் போன வேல்போல உறவை விட்டு விலகியவன் என்று கொள்ளலாமா? அல்லது என் கற்பனைதான் தறிகெட்டு ஓடுகிறதா?

பழந்தமிழில் இதற்கு நெருக்கமானது ‘நொதுமல்’. நட்பும் அல்லாத, பகையும் அல்லாத அயன்மை. குறுந்தொகை 12ஆம் பாட்டில், தலைவியின் துயரத்தை உணராமல் ஊர் ‘நொதுமற் கழறும்’, அதாவது அயலாரைப் போலப் பேசி இடித்துரைக்கும். அருமையான சொல், ஆனால் இன்று எழுதினால் அடிக்குறிப்பு போட வேண்டும்.

‘விட்டேற்றி’ பழைய நூல்களில் வரும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் வேறு பொருளில் வழங்குகிறதா என்பதையும் எழுதுங்கள். ‘இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்’ என்ற பதில் மட்டும் வேண்டாம், அதுதான் விட்டேற்றித்தனம்.