புதுப்பிப்பு: நெட் இல்லாத இடத்தில் சைக்கிள் வரைபடம்

கொல்லிமலைக்கு சைக்கிளில் போக, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் வரைபடச் செயலி எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நல்லபடியாகப் போய் வந்துவிட்டேன்.

ஓஸ்மாண்ட் என்ற செயலியில் வசதிகள் அதிகம், பழக நாளாகும். எனக்குப் பொருந்தியது ஆர்கானிக் மேப்ஸ்தான். இலவசம், விளம்பரம் கிடையாது. வீட்டு வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கிக்கொண்டேன். சைக்கிள் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஏற்ற இறக்கத்தைக் கோட்டுப்படமாகக் காட்டுகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கெங்கே நின்று இளைப்பாறுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

அப்புறம், ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டேன், பேட்டரி நன்றாகத் தாங்கியது.

மேலே ஒரு மண்பாதை மட்டும் படத்தில் இல்லை. இந்தச் செயலிக்கு அடிப்படை, எல்லோரும் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடம் என்பதால் யாரும் சேர்க்கலாம். நேற்று உட்கார்ந்து சேர்த்துவிட்டேன்.