300 ஓம் ஹெட்ஃபோனுக்குத் தனி ஆம்ப் வேண்டுமா?

ரிச்சிதெரு_ராஜா:
நேற்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "ஹெட்ஃபோனுக்கு எவ்வளவு செலவோ அதே அளவு ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கும் எடுத்து வை, முடியாவிட்டால் வாங்காதே" என்று ஒரு பெரியவர் ஒரு கல்லூரிப் பையனுக்கு உபதேசம் செய்திருக்கிறார். பையன் ஆசைப்பட்டது சென்ஹைசர் ஹெச்டி 600. 1997இல் வந்த மாடல், இன்னும் விற்கிறது, நல்ல பொருள்தான். அதற்கே டியூஷன் எடுத்துப் பணம் சேர்த்திருக்கிறான், இதில் ஆம்புக்கு இன்னொரு மடங்கா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். நான் அதே ஹெட்ஃபோனை ஆப்பிள் டாங்கிளில், அதாவது போனில் மாட்டும் சின்ன அடாப்டரில், சொருகித்தான் இரண்டு வருடமாகக் கேட்கிறேன். டாங்கிள் விலை அமெரிக்காவில் 9 டாலர்.

வால்வு_மாமா:
அந்தப் பெரியவர் நான்தான் என்று உனக்குத் தெரியும் ராஜா. நேராகவே திட்டியிருக்கலாம். அது 300 ஓம் ஹெட்ஃபோன், அவ்வளவு மின்தடையைத் தள்ளப் பலம் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், 300 ஓம். டாங்கிளில் சத்தம் வரும், பாட்டு வராது. உனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் அது ஹெட்ஃபோனின் குற்றம் இல்லை.

புதுக்காது:
வணக்கம். என்னிடம் 4000 ரூபாய் இருக்கிறது. பஸ்ஸில் பாட்டு கேட்க எதை வாங்கலாம்? அப்புறம் "நல்ல ஒலி" என்று நீங்கள் எல்லோரும் சொல்வது எதை?

ரிச்சிதெரு_ராஜா:
மாமா, சும்மா 300 300 என்று மந்திரம் ஓதினால் ஆச்சா? கணக்கு போடுங்கள். டாங்கிள் 1 வோல்ட் தரும். 300 ஓமில் 1 வோல்ட் என்றால் 3.3 மில்லிவாட். சென்ஹைசரே கொடுத்திருக்கும் அளவு 1 வோல்ட்டுக்கு 97 டெசிபல் சத்தம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான நியோஷ் சொல்லும் வரம்பின்படி 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 97க்கு அரை மணி நேரம்தான். அதற்கு மேல் சத்தம் கேட்கிறவர் ஆம்ப் கடைக்குப் போக வேண்டாம், காது டாக்டரிடம் போகட்டும்.

தஞ்சை_மிருதங்கம்:
தம்பி, அந்த 97 உச்சத்துக்கான கணக்கு. கச்சேரிப் பதிவில் ஆலாபனை நடக்கும்போது ஒலி 20 டெசிபல் கீழே கிடக்கும், மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தில் தாளத்தை முடிக்கும் ஒரு தீர்மானம் விழும்போது மேலே எகிறும். நீ கேட்கிற குத்துப்பாட்டு முதலிலிருந்து முடிவு வரை ஒரே மட்டத்தில் இடிக்கும். உனக்கு அது போதும், எனக்குப் போதாது.

ரிச்சிதெரு_ராஜா:
நான் குத்துப்பாட்டு கேட்கிறேன் என்று யார் சொன்னது?

தஞ்சை_மிருதங்கம்:
உன் ப்ரொஃபைல் படமே சொல்கிறதே.

லாச்சப்பல்_அண்ணை:
ராஜா சொல்லும் 1 வோல்ட் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. நான் பாரிசில் வாங்கின டாங்கிள் ஐரோப்பிய மாடல், அதில் அரை வோல்ட்தான் வரும். 6 டெசிபல் குறைவு. ஹெச்டி 600இல் பழைய பாட்டுப் போட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கும்.

வால்வு_மாமா:
கேட்டாயா ராஜா? பாரிஸ்காரரே சொல்லிவிட்டார். 300 ஓம் 300 ஓம்தான்.

ரிச்சிதெரு_ராஜா:
அவர் சொன்னது வோல்ட் மாமா, ஓம் இல்லை. அதே டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் சொருகினாலும் சத்தம் குறைகிறது, காரணம் டாங்கிளுக்குள் இருக்கும் வால்யூமை அந்த போன் முழுதாகத் திறப்பதில்லை. ஐபோனிலும் லேப்டாப்பிலும் அந்தத் தொல்லை இல்லை. இதற்காக ஒரு பையனை முப்பதாயிரம் செலவழிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்புக்கு அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது அதன் சொந்த மின்தடை, அதிகம். ஹெச்டி 600க்கு 300 ஓம் என்பது பெட்டியில் போட்ட எண், 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது பாஸ் என்னும் அடித்தொனியில், அது 500ஐத் தாண்டும். இரண்டும் சேரும்போது பாஸ் கொஞ்சம் ஊதிப் போகிறது. அந்த ஊதலைத்தான் நீங்கள் "உயிர்", "கதகதப்பு" என்று பத்து வருடமாக எழுதுகிறீர்கள்.

வால்வு_மாமா:
நீ பிறப்பதற்கு முன் நான் வால்வு ரேடியோவைப் பிரித்து மாட்டியவன். எனக்கே இம்பீடன்ஸ் பாடமா?

எளியவன்:
விலைக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லை என்று 2017இல் பிரீபார்ட் என்பவர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து கட்டுரை போட்டார். சரியாகச் சொன்னால், எந்தத் தொனியை எவ்வளவு சத்தமாகத் தரும் என்கிற ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்சுக்கும் விலைக்கும் தொடர்பு தென்படவில்லை என்றார். இதோடு விவாதத்தை மூடலாமே.

வால்வு_மாமா:
அளந்தார், சரி. கேட்டாரா?

எளியவன்:
கேட்டுப் பார்த்த சோதனையும் இருக்கிறது. 2007இல் மேயர், மோரன் இருவரும் உயர்தர டிஸ்க்கையும் அதையே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறை. கேட்டவர்கள் சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வரும்.

தஞ்சை_மிருதங்கம்:
அவர்கள் தம்பூரா கேட்டார்களா?

பைந்தமிழ்ப்பித்தன்:
இவ்வளவு பேர் இருந்தும் ஒருவர்கூட "காதொலிப்பான்" என்று எழுதவில்லை. போன வாரம் இங்கே ஒருவர் ஹெட்ஃபோனுக்கு "ஒலிவாங்கி" என்று வேறு எழுதியிருந்தார். ஒலிவாங்கி என்றால் மைக்.

லாச்சப்பல்_அண்ணை:
அது நான்தான். ஒலியை வாங்கித் தாறதுதானே, அதில் என்ன பிழை?

பைந்தமிழ்ப்பித்தன்:
வாங்குவது வேறு, தருவது வேறு ஐயா. வங்கியில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்.

புதுக்காது:
4000 ரூபாய்... யாராவது?

ரிச்சிதெரு_ராஜா:
தம்பி கொஞ்சம் பொறு, இவரை முடித்துவிட்டு வருகிறேன். மாமா, வால்வு ரேடியோ பெருமை பேசினீர்கள். போன தீபாவளிக்கு "ஒரு குறையும் இல்லை" என்று எனக்கு ஒரு ஆம்ப் விற்றீர்களே, வால்யூமைக் குறைத்தால் இடது பக்கம் வலதுக்கு முன்பே செத்துவிடுகிறது. வால்யூம் திருகுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. அதைத் திறந்து பார்த்தபோதுதான் உங்கள் காதின் தரமும் தெரிந்தது.

வால்வு_மாமா:
நீ வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் எடுத்துப் போனாய். பேரம் பேசி 1500 குறைத்தாய். அப்போது உன் காது எங்கே போயிருந்தது?

எளியவன்:
இதை இங்கே ஏன் சார்...

வால்வு_மாமா:
ஆரம்பித்தது அவன். சரி, ஞாயிற்றுக்கிழமை காலை வா. உன் டாங்கிள், என் ஆம்ப், ஒரே ஹெட்ஃபோன். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கலாம்.

ரிச்சிதெரு_ராஜா:
வருகிறேன், ஆனால் மல்டிமீட்டரும் வரும். இரண்டிலும் வோல்ட்டைச் சமமாக்கிய பிறகுதான் சோதனை. ஒன்று ஒரு டெசிபல் கூட ஒலித்தாலும் அதுதான் இனிக்கும், அந்த வித்தையெல்லாம் கடைக்காரர்களிடமே பார்த்தாயிற்று.

வால்வு_மாமா:
மீட்டரோடு வந்தால் கேட் திறக்காது.

தஞ்சை_மிருதங்கம்:
நானும் வரலாமா? டிஃபன் உண்டா?

வால்வு_மாமா:
நீங்கள் தாராளமாக வாருங்கள்.

ரிச்சிதெரு_ராஜா:
பார்த்தீர்களா, மீட்டர் என்றதும் பயம். இடது பக்கத்துக்கு 1500 ரூபாய் திருப்பித் தருவதாக இருந்தால் மீட்டர் இல்லாமலே வருகிறேன்.

வால்வு_மாமா:
பேச்சை மாற்றாதே. 300 ஓம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.