பெர்க்லி எத்னிக் ஸ்டடீஸ் நூலகத்தின் ஆவணங்களைப் பள்ளிப் பாடமாக்குவது யார் வேலை?

(ஒரு விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

கிழக்கு வளைகுடா

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எத்னிக் ஸ்டடீஸுக்கென்றே, அதாவது அமெரிக்காவின் சிறுபான்மை இனத்தவரின் வரலாற்றையும் வாழ்க்கையையும் படிக்கும் துறைக்கென்றே, ஒரு நூலகம் இருக்கிறது. ஆசிய அமெரிக்கர், சிக்கானோ (மெக்சிகோ வழிவந்த அமெரிக்கர்), அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆகியோர் பற்றிய ஆய்வுகளுக்காகத் தனித்தனியாக இயங்கிய மூன்று நூலகங்களை 1997-ல் சேர்த்து உருவாக்கியது. 1969 ஜனவரியில் அங்கே ‘மூன்றாம் உலக விடுதலை முன்னணி’ மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடியதால்தான் அந்தத் துறையே வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, 1968 நவம்பர் 6-ல், சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் வேலைநிறுத்தம் தொடங்கி 1969 மார்ச் வரை நீடித்தது. அந்தக் காலத்துத் துண்டறிக்கைகள், ஒலிநாடாக்கள் எல்லாம் இப்போது பெட்டிகளில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் வந்து பார்க்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு தாள்கூடப் போய்ச் சேருவதில்லை.

2021-ல் கலிபோர்னியா ஏபி 101 சட்டத்தை நிறைவேற்றியது. 2029-30-ல் உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்கள் ஒரு பருவமாவது எத்னிக் ஸ்டடீஸ் படித்திருக்க வேண்டும் என்றது. ஆனால் மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் கட்டாயம் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. 2025 பட்ஜெட்டில் பணம் வரவில்லை. இருந்தும் பல மாவட்டங்கள் தாமாகவே இந்தப் பாடத்தை நடத்துகின்றன.

என் கருத்து இதுதான்: ஆவணங்களை வைத்திருக்கும் பல்கலைக்கழகமே அவற்றைப் பாடமாக்கித் தர வேண்டும். முழுப் பாடம், கேள்விகள், ஆசிரியருக்கான குறிப்பு, எல்லாம் இலவசமாக. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

பழுப்புத்தாள்

மறுக்கிறேன். ஸ்கேன் செய்து போடுவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. தயார்ப் பாடம் செய்ய ஆரம்பித்த உடனே ஆவணம் செத்துவிடும்.

ஏஞ்சல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருந்த குடிவரவு நிலையம் அது. சீனர்களை அங்கே வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில், அடைத்து வைத்தார்கள். மரச் சுவர்களில் அவர்கள் செதுக்கிய கவிதைகளை 1970-ல் ஒரு பூங்காக் காவலர் கவனித்ததால்தான் கட்டடம் இடிபடாமல் தப்பியது. இன்று ஏஞ்சல் தீவு பற்றிய பாடம் என்றாலே நான்கு வரிக் கவிதை ஒன்று, புகைப்படம் ஒன்று, ‘இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்ற கேள்வி ஒன்று. பிள்ளை ‘சோகமாக இருக்கிறது’ என்று எழுதும். மதிப்பெண் கிடைத்துவிடும்.

அதே இடத்தில் விசாரணைப் பதிவு ஒன்றை முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்தப் பக்கம் இருக்கும், உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று மணிக்கணக்காகக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவாகச் சொல்லப்பட்டவரைத் தனியாக அழைத்து அதே கேள்விகளைக் கேட்டு, பதில் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பினார்கள். முப்பது பக்கம் படித்தால் அரசு எப்படி ஒரு மனிதனைச் சந்தேகப்படுகிறது என்பது பிள்ளைக்கே புரியும். யாரும் விளக்க வேண்டியதில்லை. சுருக்கிப் பெட்டி கட்டிக் கொடுத்தால் அந்த அனுபவம் போய்விடும்.

ஐந்தாவது பீரியட்

நான் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியை. பழுப்புத்தாள் சொல்வதைப் படிக்க நன்றாக இருக்கிறது. முப்பது பக்க விசாரணைப் பதிவை யார் எப்போது படிப்பது?

ஒரு நாளைக்கு ஐந்து வகுப்புகள், ஒவ்வொன்றிலும் முப்பதுக்கு மேல் பிள்ளைகள், ஒரு வகுப்புக்கு ஐம்பது நிமிடம். சிலர் போன வருடம்தான் இந்த நாட்டுக்கு வந்தவர்கள், ஆங்கிலம் இன்னும் பிடிபடவில்லை. சிலர் கல்லூரி அளவுக்குப் படிப்பவர்கள். 1912-ல் தட்டச்சு செய்து மங்கிப்போன ஒரு தாளின் ஸ்கேனைத் திரையில் போட்டால் கடைசி வரிசைக்கு எழுத்தே தெரியாது. தெரிந்தாலும், சீனர்கள் குடியேறுவதைத் தடுத்த சீன விலக்குச் சட்டம் 1882-ல் வந்ததும் 1943 வரை இருந்ததும் தெரியாமல் அந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்பட்டன என்பது விளங்காது. அந்தப் பின்னணியைத் தேடி, பக்கங்களைத் தேர்ந்து, கடினச் சொற்களுக்குப் பொருள் எழுதி, மூன்று வாசிப்பு நிலைகளுக்குத் தனித்தனியாகத் தயாரிக்க எனக்கு ஒரு வார இறுதி முழுக்கப் போகிறது. அதுவும் ஒரே ஒரு பாடத்துக்கு. இது என் தனிக் கதை அல்ல, இந்தப் பாடம் நடத்தும் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

‘பல்கலைக்கழகம் சுருக்கக் கூடாது’ என்று சொல்பவர்கள், அப்போது அந்தச் சுருக்கும் வேலை இரவு பதினொரு மணிக்கு என் சமையலறை மேசையில் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆவணத்தை நன்கு அறிந்தவர் சுருக்குவது மேலா, களைத்துப்போன நான் சுருக்குவது மேலா?

அட்டைப்பெட்டி 14

காப்பகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் மூவரும் ஆவணம் நம் கையில் இருக்கிறது, எனவே பயன்படுத்தலாம் என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறீர்கள். அந்தத் தொடக்கத்திலேயே எனக்குச் சிக்கல் இருக்கிறது.

1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோயின. அதன் பிறகு பல சீனர்கள் ‘நான் இங்கேதான் பிறந்தேன், அதனால் குடிமகன்’ என்று பதிந்தார்கள், அந்த உரிமையில் இங்கே வரத்தக்க மகன்கள் ஊரில் இருப்பதாகவும் பதிந்தார்கள். அந்த ‘காகித மகன்’ இடங்களில் வேறு வீட்டுப் பிள்ளைகள் வேறு பெயரில் வந்தார்கள். பழுப்புத்தாள் சொன்ன அந்த விசாரணைப் பதிவுகளில் இருப்பது இதுதான். பெரும்பாலும் அவை சான் புரூனோவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகக் கிளையில் இருக்கின்றன. பல குடும்பங்கள் பேரப்பிள்ளைகளிடம்கூட இதைச் சொன்னதில்லை. இப்போது அந்தப் பதிவு வகுப்பறைத் திரையில் வருகிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா பெயர் அதில் இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோ பள்ளிகளில் இது நடக்க முடியாத காரியம் அல்ல.

ஏஞ்சல் தீவுக் கவிதைகளைத் தொகுத்து 1980-ல் வெளியிட்ட மூவரில் ஒருவர் ஹிம் மார்க் லாய். அவருடைய அப்பா காகித மகனாக வந்தவர், லாய் என்பது அப்படி ஒட்டிக்கொண்ட குடும்பப் பெயர். பிழைப்புக்குப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கச் சீன அமெரிக்க வரலாற்றைச் சேகரித்தார். அந்தச் சேகரம்தான் இன்று பெர்க்லி எத்னிக் ஸ்டடீஸ் நூலகத்தில் இருக்கிறது. எந்தக் குடும்பத்திடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை உள்ளிருந்தே அறிந்தவர் சேர்த்தது அது. பல்கலைக்கழகம் தானாகப் போய் அள்ளிக்கொண்டு வந்தது வேறு வகை.

அந்த வேறு வகைக்கு உதாரணம் இஷி. 1911-ல் ஓரோவில் ஊரில் தனியாக வந்து சேர்ந்த யாஹி இனத்தவர். 1916-ல் இறக்கும் வரை பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே தங்கவைக்கப்பட்டார். இஷி என்பது அவருடைய சொந்தப் பெயர்கூட இல்லை. அவருடைய கதைகளையும் பாட்டுகளையும் மெழுகு உருளைகளில் பதிந்தார்கள். இறந்த பிறகு அவருடைய மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள், அது உறவுக் குடிகளிடம் திரும்பியது 2000-ல்தான். பெர்க்லியின் ஹர்ஸ்ட் அருங்காட்சியகத்தில் கலிபோர்னியப் பூர்வகுடிகளின் உருளைகள் 2,000-க்கும் மேல் இருக்கின்றன. சில பாட்டுகளைக் குறிப்பிட்ட பருவத்தில்தான் பாடலாம், சிலவற்றைக் குறிப்பிட்டவர்கள்தான் கேட்கலாம். பாடத்துக்கு நல்ல ஒலிக்கோப்பு என்று ஒருவர் எடுத்துப் போட்டால் அந்த விதி அப்போதே முறிகிறது.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

நீங்கள் எல்லாரும் ஆவணம் பற்றியே பேசுகிறீர்கள். தேர்வு செய்பவர் யார் என்பதைப் பேசுங்கள்.

2019-ல் மாநிலத்தின் மாதிரிப் பாடத்திட்ட முதல் வரைவு வந்தபோது என்ன நடந்தது? யூதர்கள், ஆர்மீனியர்கள், சீக்கியர்கள், இந்துக்கள் என்று பல தரப்பும் எங்களை விட்டுவிட்டீர்கள் என்றோ, தவறாகக் காட்டிவிட்டீர்கள் என்றோ எதிர்த்தார்கள். திருத்தித் திருத்தி 2021 மார்ச்சில்தான் ஏற்றார்கள். பொதுக் கருத்துக் கேட்பு இருந்ததால் அந்தத் திருத்தமாவது நடந்தது. ஒரு பல்கலைக்கழகத் துறை தானே பாடம் எழுதி இணையத்தில் போட்டால் எந்தப் பெற்றோர் போய்க் கேட்க முடியும்? போராட்டத்தில் பிறந்த துறை என்று கிழக்கு வளைகுடாவே எழுதியிருக்கிறார். அந்தத் துறைக்கு ஒரு நிலைப்பாடு இருக்கும், இருப்பதில் தப்பில்லை. ஆனால் என் மகள் அதைத் தகவல் என்று படிக்கக் கூடாது, ஒரு தரப்பு என்று தெரிந்து படிக்க வேண்டும்.

கிழக்கு வளைகுடா

அம்மா அவர்களுக்கு முதலில். அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் இந்திய அமெரிக்கர் பற்றியும் சீக்கியர் பற்றியும் மாதிரிப் பாடங்கள் வலுவாக இடம்பெற்றன. விடுபட்டவர்கள் தங்கள் ஆவணங்களோடு வந்தால் இடம் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்குக் காட்ட வைஷ்ணோ தாஸ் பகாய் குடும்பத்தை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1915-ல் மனைவி கலா, மூன்று பையன்களோடு சான் பிரான்சிஸ்கோ வந்தார், குடியுரிமையும் பெற்றார். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத்தக்க ‘வெள்ளையர்’ என்ற வரையறைக்குள் வர மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பகாயின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1928-ல் தற்கொலை செய்துகொண்டார், அதற்கான காரணத்தை ஒரு பத்திரிகைக்குக் கடிதமாக எழுதிவைத்தார். கலா பகாய் தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தார். இன்று பெர்க்லி நகர மையத்தில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

அந்தக் குடும்பத்தின் படங்களையும் தாள்களையும் பொதுவில் பார்க்க முடிவது சாடா என்ற தெற்காசிய அமெரிக்க மின்காப்பகத்தால். 2008-ல் தொடங்கியது, பல்கலைக்கழகம் அல்ல. மூலத்தைத் தானே வைத்துக்கொள்வதில்லை, படியெடுத்துவிட்டு வீட்டுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. அட்டைப்பெட்டி கேட்கும் சம்மதம் அந்த முறையில் முதலிலேயே வந்துவிடுகிறது.

ஆனால் சம்மதம் இல்லாததால் பாடமே வேண்டாம் என்றால், மிஞ்சுவது பழைய பாடநூலின் இரண்டு பத்தி.

பழுப்புத்தாள்

பகாய் கடிதத்தை வகுப்பில் எப்படிக் கொடுப்பீர்கள்? தற்கொலைக் கடிதம் அது. தனியாக எடுத்துக் கொடுத்தால் பிள்ளை அதிர்ச்சியோடு நின்றுவிடும். திந்த் தீர்ப்பு, குடியுரிமைச் சான்றிதழ், கலா பிற்காலத்தில் பேசியது, எல்லாம் பக்கத்தில் இருந்தால்தான் அதன் நியாயம் தெரியும். நான் முழு ஆவணம் என்று வலியுறுத்துவது அதனால்தான்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர் 1,20,000 பேரை 1942-ல் முகாம்களில் அடைத்தபோது, பெர்க்லிப் பேராசிரியர் டோரதி ஸ்வைன் தாமஸ் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. முகாமில் இருந்த இளைஞர்களையே குறிப்பெடுப்பவர்களாக வைத்தார்கள். உடன் இருந்தவர்கள் அவர்களை உளவாளிகள் என்று சந்தேகித்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்று பெர்க்லியின் பேங்க்ராஃப்ட் நூலகத்தில் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ‘முகாம் வாழ்க்கை’ என்று ஒர்க்‌ஷீட்டில் போடுபவர், யார் எழுதியது, யாருக்காக, பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அது தெரியுமா என்பதையும் வெட்டிவிடுகிறார். பெற்றோர் கேட்கும் ‘இது யாருடைய தரப்பு’ என்ற கேள்விக்குப் பதிலும் அந்த வெட்டில் போய்விடுகிறது.

ஐந்தாவது பீரியட்

இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த மூன்று கேள்விகளையும் பாடத்தின் முதல் பத்து நிமிடமாக வைக்கலாம். முகாம் குறிப்பில் இரண்டு பக்கம் போதும், ஆனால் எழுதியவர் யார் என்ற ஒரு பக்கம் கட்டாயம் முன்னால் வர வேண்டும். முழுக் கோப்புக்கும் இணைப்பு இருக்கட்டும், விரும்பும் பிள்ளை போகும். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேராவது போகிறார்கள்.

ஆனால் அந்த ஒரு பக்கத்தை எழுதத் தெரிந்தவர் காப்பகத்தில்தான் இருக்கிறார், பள்ளியில் இல்லை. அதனால் பல்கலைக்கழகம் செய்யத்தான் வேண்டும். ஆசிரியரைச் சம்பளத்தோடு கோடையில் உட்கார வைத்துச் சேர்ந்து செய்ய வேண்டும். யுசிஎல்ஏ-வின் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம்) ஆசிய அமெரிக்க ஆய்வு மையத்துக்குப் பல்லூடகப் பாடநூலுக்காக மாநிலம் 2021-ல் 1 கோடி டாலர் தந்தது. அப்படிப் பணம் வந்தால் தரமான பாடம் வரும். பணமில்லாமல் முனைவர் பட்ட மாணவர்களை இலவசமாகச் செய்யச் சொன்னால், அவர்கள் பட்டம் வாங்கிப் போன மறுவருடம் இணைப்பு வேலை செய்யாது.

அட்டைப்பெட்டி 14

அந்த மேசையில் மூன்றாவது நாற்காலி ஒன்றும் வேண்டும். பூர்வகுடி ஆவணம் என்றால் அந்தக் குடியின் பிரதிநிதி, சீனாடவுன் ஆவணம் என்றால் அந்தக் குடும்பங்களின் ஆள். பூர்வகுடி ஆவணங்களைக் கையாளும் நெறிமுறையை அமெரிக்க ஆவணக்காப்பாளர் சங்கம் 2018-ல் முறைப்படி ஏற்றுவிட்டது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவர் ‘இது வேண்டாம்’ என்றால் அந்த ஆவணம் பாடத்தில் வராது. கலந்தாலோசித்துவிட்டு நம் விருப்பப்படி செய்வதாக இருந்தால் நான் அதில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

அப்படியானால் குடும்பங்களுக்கும் குடிகளுக்கும் மறுக்கும் உரிமை உண்டு, படிக்கப்போகும் பிள்ளையின் பெற்றோருக்கு இல்லையா?

அட்டைப்பெட்டி 14

இல்லை. அது அவர்கள் தாத்தாவின் குரல், அவர்களுடையது. உங்களுக்குப் பாடத்தைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு, அது வெளியாகும் முன்பே உண்டு. தடுக்கும் உரிமை வேறு.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

இதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஆசிரியை சொன்ன அந்த ‘யார் எழுதியது’ பக்கத்தை மாதிரிக்கு ஒன்று இங்கே போடுங்கள், முகாம் குறிப்புக்கே போடுங்கள். அடுத்த மாதம் எங்கள் மாவட்டத்தில் பாடப் பொருள்களைப் பார்வையிடும் கூட்டம் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றப் பாடங்களில் இது ஏன் இல்லை என்று கேட்கப் போகிறேன்.

ஐந்தாவது பீரியட்

ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன். அட்டைப்பெட்டி, போடும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.