மொன்றியல் மாலுமிகள் ஆலயம்: அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் செல்ல வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். முழங்கால் தேய்மானத்தால் நான்கு படிகூட ஏற முடியாத 71 வயது அம்மாவை, வரும் செப்டம்பரில் கனடாவின் மொன்றியல் தீவிலுள்ள பழைய நகரத்துக்கு அழைத்துச் செல்கிறேன். புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் வேளாங்கண்ணியில் கோயில் எழுப்பிய கதையை எனக்குச் சொல்லி வளர்த்தவர் அவர். மொன்றியலில் மாலுமிகள் ஆலயம் எனப்படும், 1771-இல் கட்டத் தொடங்கிய போன்செகூர் மாதா ஆலயத்தின் கூரையிலிருந்து, மாலுமிகளின் நேர்த்திக்கடனான கப்பல் வடிவ விளக்குகள் தொங்கும் படத்தைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார்.

கோபுரம் ஏறும் எண்ணம் எங்களுக்கில்லை. வேலூரில் பயண முகவரிடம் இருமுறை கேட்டேன். செயின்ட் பால் தெரு வாசலின் படங்களைப் பெரிதாக்கியும் பார்த்தேன். எதிலும் தெளிவு கிடைக்கவில்லை.

அண்மையில் அங்கே சென்றவர்களே, சக்கர நாற்காலியோடு படியேறாமல் பீடத்தின் முன்வரை செல்ல வழி இருக்கிறதா?