தோட்டத்து நாய் சோறு தொடவில்லை, உடம்பு சுடுகிறது. நாளை வரை பார்க்கலாமா?

கேட்டவர் (திருச்செங்கோடு பக்கம்):
வணக்கமுங்க. ஆட்டுப்பட்டிக் காவலுக்கு இருக்கிற நாட்டு நாய், நாலு வயது. நேற்றிலிருந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் ஈரமண்ணிலேயே படுத்துக் கிடக்கிறது. கறிச்சோறு வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. வாந்தி, பேதி எதுவும் இல்லை. காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலில் பாதி கொடுக்கலாம் என்கிறார் அப்பா. கொடுக்கலாமுங்களா?

கோபிக்காரர்:
வெயிலுக்குச் சூடு பிடித்திருக்குமுங்க. எங்கள் நாய் இப்படித்தான் ஒரு நாள் பட்டினி கிடக்கும், அருகம்புல்லைத் தின்று கக்கிவிட்டு மறுநாள் எழுந்து ஓடும். தயிர்ச்சோறு வைத்துப் பாருங்கள்.

பெருந்துறைக்காரர்:
தம்பி, முதலில் அந்த மாத்திரையை எடுத்த இடத்திலேயே வையுங்கள். நம் பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும், ரத்தத்தையும் கெடுக்கும். உடம்பு வலிக்கு நாம் போடுகிற இபுப்ரோஃபென் இன்னும் மோசம், குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தில் கை வைத்துவிடும்.

கோபி அண்ணா சொல்வதும் நடப்பதுதான். ஒரு தடவை கக்கிவிட்டு, கூப்பிட்டால் வாலாட்டுகிற நாயை ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, ரெண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அப்புறம் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். நாய்க்கு 101, 102 டிகிரி சாதாரணம். 103-க்கு மேல் போனால் காய்ச்சல். ஒன்றுக்கு என்ன நிறத்தில் போகிறது, காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேனுங்க. ஈறு வெளுத்துக் கிடக்கிறது. 104.6 காட்டுகிறது. காதுக்குள் ஆமணக்குக் கொட்டமுத்து மாதிரி ரத்தம் குடித்து ஊதின உண்ணிகள். ஒன்றுக்கு கடுங்காபி நிறத்தில் போகிறது, இதை இப்போதுதான் கவனித்தேன்.

பெருந்துறைக்காரர்:
இதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கிளம்புங்கள். இது உண்ணிக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பு அதிகம். பபீசியா என்கிற கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து உடைத்துவிடும். அதனால்தான் ஈறு வெளுக்கும், உடைந்த ரத்தத்தின் நிறம் சிறுநீரில் இறங்கும். எர்லிக்கியா என்று இன்னொன்றும் உண்ணி வழியாகவே வரும், அதில் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரலாம். ரெண்டும் சேர்ந்தும் வருவதுண்டு. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் எந்த மருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, அங்கேயே போய்விடுங்கள். வழியில் பாலோ கஞ்சியோ வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

ஈரோட்டு அக்கா:
மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். வயிறு உப்பிக்கொண்டு, கக்க முயன்றும் எதுவும் வராமல் தவித்தால் ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தோட்டத்தில் எலி மருந்து வைத்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி பேதியாகிற குட்டிக்கு அரை நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

கேட்டவர்:
பபீசியாவேதானுங்க. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது, மாத்திரையைத்தான் துப்புகிறது. நிறுத்திவிடலாமா?

பெருந்துறைக்காரர்:
நிறுத்தவே கூடாது. பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பிவரும். கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். அப்புறம், மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அதே அளவில் நாய்க்கு ஊற்றிவிடாதீர்கள். நக்கினால் விஷம். நாய்க்கென்று எடையைப் பார்த்து டாக்டர் தருவதை வாங்குங்கள். படுக்கிற சாக்கைக் கொளுத்திவிட்டு, பட்டிச் சுவர் வெடிப்பையும் பூசிவிடுங்கள். உண்ணி முட்டை வைப்பது அங்கேதான்.