உதவி: வீட்டு ஷெட்டில் அடித்த பெயிண்ட், இருபதே நாளில் கொப்புளம்

மண்டபம்:
அப்பாவின் பழைய ஆம்னி வேனுக்கு வீட்டுப் பின்பக்கத் தகர ஷெட்டில் வைத்து நானே பெயிண்ட் அடித்தேன். துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக் கழுவி, தின்னர் துணியால் துடைத்து, பிரைமர் 2 கோட், அப்புறம் ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கிற பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் 3 கோட். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது கதவுகளின் கீழ்ப்பாதியிலும் சக்கரத்துக்கு மேலேயும் கடுகு கடுகாகக் கொப்புளம். ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர், அதற்கடியில் தகடு பழுப்பாகிவிட்டது. கூரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஹார்டனர் குறைந்துவிட்டது என்கிறார் பெயிண்ட் கடைக்காரர், நான் டப்பாவில் போட்டிருந்த அளவுக்குத்தான் கலந்தேன். அப்பாவிடம் காட்டவே மனசு வரவில்லை.

தங்கச்சிமடம்:
பெயிண்ட் தெளிக்கக் காற்று தருகிற கம்ப்ரசர் டாங்கியில் தண்ணீர் தேங்கியிருக்கும். அடி வால்வைத் திறந்து வடித்தீர்களா?

மண்டபம்:
ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் வடித்தேன். கூரைக்கும் அதே காற்றுதானே?

கீழக்கரை:
ஹார்டனர் குறைந்தால் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும் தம்பி, இப்படித் தண்ணீர் கட்டாது. எந்தத் தண்ணீரில் தேய்த்தீர்கள்?

மண்டபம்:
வீட்டு போர் தண்ணீர்தான் அண்ணே. கூரையில் துரு இல்லை, அதனால் அங்கே தண்ணீர் தொடாமல் எமரி மட்டும் போட்டேன்.

கீழக்கரை:
அப்படியானால் உப்புதான். நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு தகட்டிலேயே நின்றுவிடும், பட்டி வேறு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தின்னர் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும், உப்பைக் கரைக்காது. பெயிண்ட் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிற ஈரத்தை அடியில் இருக்கும் உப்பு இழுத்துப் பிடிக்க, அதுதான் கொப்புளமாகத் தூக்குகிறது. சந்தேகம் இருந்தால் அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காய வைத்துப் பாருங்கள்.

கொப்புளத்துக்கு மேலேயே இன்னொரு கோட் அடித்து மறைக்காதீர்கள், மறுபடி தூக்கும். அந்த இடங்களில் பட்டியோடு சேர்த்துத் தகடு தெரியும் வரை எடுத்துவிடுங்கள். துருக்குழிக்குள்தான் உப்பு ஒளிந்திருக்கும், அதனால் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ விட்டு, பிரஷ்ஷால் மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள். உடனே காற்றடித்து உலர்த்தி, 80ஆம் நம்பர் எமரி போட்டு, தின்னரால் துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். இந்தக் காற்றில் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் போச்சு. பட்டி இனி பிரைமருக்கு மேலேதான், தேய்ப்பதும் தண்ணீர் இல்லாமல்.

தங்கச்சிமடம்:
காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு, கடல்காற்று எழும்புவதற்குள் அடித்து முடித்துவிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசுகிற ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம், மணலும் உப்பும் வந்து ஒட்டும்.

கீழக்கரை:
முக்கியமான ஒன்று. பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், ஒருமுறை ஒவ்வாமல் போனால் இழுப்பு ஆயுளுக்கும் விடாமல் தொடரலாம். துணி மாஸ்க் தடுக்காது, கரி கேட்ரிட்ஜ் மாஸ்க்காவது கட்டாயம் போடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

மண்டபம்:
தட்டில் காய வைத்தேன் அண்ணே, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இரண்டு கேன் தண்ணீர் சொல்லிவிட்டேன். முதலில் டிரைவர் பக்கக் கதவை மட்டும் சுரண்டுகிறேன்.