பொருள்: வாட்சு – ‘நீரமுக்கம்’ சரிவருமா?

அன்பின் குழுவினருக்கு,

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருவரை மிதக்கவிட்டுச் செய்யும் வாட்சு முறைக்கு ஒரு தொடக்கப் பயிற்சிக் கையேடு தமிழாகிறது. கொழும்பில் இயன்மருத்துவ உதவியாளர்களும் பராமரிப்பாளர்களும் படிக்கப்போவது. தலைப்பிலேயே சிக்கல். வாட்டர், ஷியாட்சு என்ற இரண்டையும் ஒட்டிப் பிறந்த பெயர் இது. ஷியாட்சு என்றால் யப்பானிய மொழியில் விரலமுக்கம். அதனால் ‘நீரமுக்கச் சிகிச்சை’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறோம். ‘நீர்த்தொக்கணம்’ என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது (தொக்கணம் என்பது சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறை). செய்பவருக்கும் செய்துகொள்பவருக்கும்கூடச் சொல் வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

—

> ‘நீரமுக்கச் சிகிச்சை’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறோம்.

தயவுசெய்து வேண்டாம். தமிழ்நாட்டில் அழுத்தம் என்பதைத்தான் எங்கள் விஞ்ஞானப் புத்தகங்கள் அமுக்கம் என்கின்றன. நீரமுக்கம் என்றதும் தரம் பத்துப் பிள்ளைக்கு அணைக்கட்டும் குழாயும் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் கற்பவரின் கையைப் பிழையான வேலைக்கு அனுப்பிவிடும்.

வாட்சுவை உருவாக்கிய ஹரோல்ட் டல், யப்பானில் மசுனாகா என்ற ஆசிரியரிடம் சென் ஷியாட்சு என்ற ஷியாட்சு வகையைப் படித்தவர். 1980இல் கலிபோர்னியாவின் ஹார்பின் வெந்நீரூற்றில், அந்த முறையின் இழுப்புகளை மிதக்கும் உடம்பில் செய்து பார்த்தார். தரையில் அமுக்கினால் பாய் எதிர்த்துத் தாங்கும். தண்ணீரில் அமுக்கினால் உடம்பு தாழும், அல்லது விலகிப் போகும். அமுக்குப் புள்ளிகள் இல்லாமலில்லை, ஆனால் மறுகையை அண்டக் கொடுத்தால்தான் அவை வேலை செய்யும். முறையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது.

முதற்பிடியைப் பாருங்கள். செய்பவர் நெஞ்சளவுத் தண்ணீரில், ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழத்தில், காலை அகட்டி முழங்காலை மடித்து நிற்கிறார். மல்லாந்து மிதப்பவரின் பிடரி அவருடைய இடது முழங்கையின் உள்மடிப்பில் கிடக்கிறது. வலது கை இடுப்பின் பின்புறத்தில், வால்முள்ளுக்குச் சற்று மேலே. காது இரண்டும் தண்ணீருக்குள், முகம் மட்டும் வெளியே. மிதப்பவர் மூச்சை உள்ளிழுத்ததும் நெஞ்சு நிறைந்து உடம்பு தானாகச் சற்று எழும்பும், விட்டதும் தாழும். அது மேலுதைப்பு, அதாவது தண்ணீர் உடம்பை மேலே தள்ளும் விசை, செய்யும் வேலை. செய்பவர் முழங்காலை மடித்து நிமிர்த்தி அந்த ஏற்ற இறக்கத்தோடு போகிறார், தூக்குவதில்லை. இந்த மூச்சசைவு கைவந்த பிறகுதான் மற்றவை எல்லாம்.

பிழைகளும் பெரும்பாலும் இந்தப் பிடியிலேயே நடக்கின்றன. முழங்கையை உயர்த்தினால் நாடி (மோவாய்) நெஞ்சில் முட்டி மூச்சு அடைக்கும். தாழ்த்தினால் தலை பின்னுக்குச் சரிந்து மூக்கில் தண்ணீர் ஏறும். ஒருமுறை ஏறிவிட்டால் அந்த ஆளின் கழுத்து அந்த மணித்தியாலம் முழுக்க இளகாது. காலை நிமிர்த்தி நின்றுகொண்டு கையால் தூக்குபவருக்கு நாரிப்பிடிப்பு நிச்சயம். மெலிந்து இறுகிய உடம்புக்காரரின் கால் கீழே இறங்கி முதுகு வில்லாக வளையும். முழங்காலுக்கு மேலே மிதவை கட்ட வேண்டும். பெரிய மிதவை கட்டினால் கால் மேலே வந்து தலை பாரமாகிவிடும். வேகமாகச் சுழற்றினால் அலை முகத்தில் அடிக்கும், தலைசுற்றும்.

ஆக, இங்கே கை செய்வது ஏந்துவது. என் முன்மொழிவு ‘நீரேந்தல்’. செய்பவர் ஏந்துநர், மற்றவர் மிதப்பவர். ‘நோயாளி’ வேண்டாம், களைப்பாறவும் பலர் வருகிறார்கள்.

தொக்கணத்தில் ஆசை வருவது நியாயம். அதன் ஒன்பது வகையில் இழுத்தலும் அசைத்தலும் இருக்கின்றன. ஆனால் அது சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவங்களில் ஒன்றின் பெயர், சொன்னதும் எண்ணெய் மணக்கும். வேறிடத்தில் பிறந்த முறைக்கு அதைச் சூட்டினால் இரண்டுக்கும் அநியாயம்.

அசைவுகளுக்கு: முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடித்து விரிப்பது ‘துருத்தி’. உடம்பைப் பக்கவாட்டில் இழுத்து முதுகெலும்பை நெளியவிடுவதற்குக் கடற்பாசியின் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் சாதாழை இருக்கும்போது வேறெதற்கு? ‘சாதாழையாட்டம்’.

—

துருத்தி, சாதாழையாட்டம், ஏந்துநர் மூன்றும் நல்ல சொற்கள். ‘நீரேந்தல்’ மட்டும் இடறுகிறது. புவியியலில் ‘நீரேந்து பிரதேசம்’ ஊன்றிய சொல். மழைநீரை நிலம் ஏந்துவது அது. நீரேந்தல் என்றால் நீரை ஏந்துவதாகத்தான் படும், நீரில் ஏந்துவதாகப் படாது. தமிழ்நாட்டில் ஏந்தல் என்று குளத்தையே சொல்வார்கள்.

இன்னொன்று, சொல்லில் சூடும் வரவேண்டும். வெந்நீர் என்று போட்டால் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறு நினைவுக்கு வரும், அல்லது தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல்.

—

நீரேந்து பிரதேசம் எனக்குத் தோன்றவே இல்லை. என் முன்மொழிவை விட்டுவிடுகிறேன். ‘வெதுநீர் ஏந்துகை’ என்று வைப்போம்.

சூடு வரவேண்டும் என்பதை முழுதாக ஏற்கிறேன். தண்ணீர் 35 பாகை செல்சியஸ் அளவில், தோலின் சூட்டுக்குக் கிட்ட, இருக்கவேண்டும். கொழும்பில் திறந்தவெளித் தடாகம் 28 முதல் 30 பாகை வரை இருக்கும். ‘எங்கள் வெயிலுக்கு அது காணும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. நீந்துபவருக்குக் காணும். அசையாமல் கிடப்பவரின் சூட்டைத் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். சிறிது நேரத்தில் தோள் இறுகி நடுக்கம் பிடிக்கும், இளகுவதற்கு வந்தவர் விறைத்துப் போவார். 37ஐத் தாண்டினால் மிதப்பவருக்கு இரத்த அமுக்கம் இறங்கும், ஏந்துநர் களைத்துப் போவார். பெயரில் ‘வெதுநீர்’ நின்றால் வெப்பமானியைப் பார்க்க மறக்கமாட்டார்கள்.

வாட்சு பதிவுசெய்த வணிகக் குறி. பயிற்சியின் பெயராக அதை அப்படியே வைத்து, முறையின் பொதுப்பெயராக எங்கள் சொல்லைப் போடுங்கள்: ‘வெதுநீர் ஏந்துகை: வாட்சு தொடக்கப் பயிற்சி’.

தவிர்க்கவேண்டியோர் பட்டியலில் காய்ச்சல், திறந்த புண், கட்டுப்படாத வலிப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றோடு ‘காதுச்சவ்வுத் துளை’யையும் எழுதுங்கள். காது முழுநேரமும் தண்ணீருக்குள் இருப்பதால் இங்கே அது சின்ன விசயம் இல்லை.

கடைசிக் கட்டத்துக்கு இன்னும் சொல் இல்லை. மிதப்பவரைச் சுவரோரம் கொண்டுவந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, பாதம் தரையில் பட்டதும் கையை ஒவ்வொன்றாக எடுத்து, அவர் கண் திறக்கும்வரை பேசாமல் நிற்பது. ‘கரைசேர்த்தல்’ என்று எழுதிப் பார்த்தேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.